ப்ளக்கண்ணாச்சி வீட்டில் இடி

அப்பாவை ப்ளக்கில் மாட்டி வைத்திருந்தோம்.

இப்படி எழுதியதற்கு அப்பாவின் அக்கா ராயகிரி அத்தை விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். வரட்டும். உள்ளதைத்தானே எழுதுகிறேன். முன்வீட்டில், வாசலை ஒட்டிய அறையில், ஜன்னலோரமாக ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் அப்பா. பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, அத்தையின் முட்டியைத் தாண்டிச் சுவரேறி, சுவிட்ச் போர்டில் முடிந்தது. பெட்டி விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

அப்பா போய் ஒரு நாள் முழுசாக ஆகியிருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய என் தம்பி சங்கர் வளைகுடாவிலிருந்து விமானம் பிடித்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தான். அவன் வந்து அப்பா முகத்தைப் பார்க்கிற வரைக்கும் முகம் முகமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் பெட்டி, அதற்குத்தான் ப்ளக்.

பெட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லார் கையும் பெட்டியின் ஸ்டீல் விளிம்பில். அழுகிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா? அத்தை நெற்றியையே விளிம்பில் சாய்த்திருந்தாள்.

அது ஐப்பசி மாதம், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சாவு விழுந்த துட்டி வீடு என்று எங்கள் தெருவில் தறிகளையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். தறிச் சத்தமில்லாத எங்கள் தெரு எனக்கே அந்நியமாக இருந்தது. அந்த அமைதியில்தான் அது கேட்டது, மேற்கே, மலைப் பக்கம்.

குடுகுடு.

இன்னொரு நாளாக இருந்தால், இந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆள் எழுந்து ஓடியிருப்பார். அந்த ஆள் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தார்.

பேர் வந்த கதை

தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் அப்பாவின் பெயர் ஆறுமுகம் என்று சின்னதாகவும், ‘ப்ளக்கண்ணாச்சி’ என்று பெரிதாகவும் போட்டிருந்தார்கள். ஆறுமுகம் என்று மட்டும் போட்டால் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுக்கு முதல் கலர் டிவி வந்திருந்தது. அப்பா அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டு, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. கடைசி ஓவர். “இடிக்குது, அமத்துங்க” என்று அம்மா சொன்னாள். “ஒரு ஓவர்தான், பொறு” என்றார் அப்பா.

எங்கேயோ விழுந்த இடி கேபிள் ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்தது. டிவி படாரென்று வெடித்தது. அப்பாவின் மீசையில் ஒரு பக்கம் பொசுங்கிவிட்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று பூராவும் அவர் வாயைத் திறக்கவே இல்லை. மறுநாள் மீசையை மழித்துவிட்டு வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

அன்றிலிருந்து மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும். டிவி, மிக்சி, ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கொசு மருந்து என்று ஒரு ப்ளக் பாக்கி இருக்காது. பிடுங்கிய ஒயரைச் சுருட்டி, தறி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு அந்தந்தச் சாமான் தலையிலேயே வைப்பார். தறி மோட்டார் மெயினையும் இறக்குவார். அது முடிந்ததும் பக்கத்து வீடு, எதிர்த்த வீடு. கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. நேராக உள்ளே போய் ஓடுகிற கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு, “மாவு பெறவு ஆட்டிக்கலாம், உசுரு பெறவு ஆட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு வருவார். ஏசாத ஆள் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் டிவி வெடித்த வீடு எங்கள் வீட்டுக்கு அப்புறம் இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்களின் வாயில் சாதாரணமாக வருகிற ‘இடி விழுவான்’ என்ற ஏச்சை மட்டும் அவர் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. கட்டையில் போவான், பாடையில் போவான் எல்லாம் சொல்லலாம், இது கூடாது. அம்மா ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிந்தாள்.

எங்கள் ஊர்க் கோமதியம்மாள் கோயில் வாசலில் உருவம் பொறித்த வெள்ளித் தகடு விற்கிற கடைகள் உண்டு. பாம்பு பயமா, பாம்புத் தகடு. தேளா, தேள் தகடு. கண் வலியா, கண் தகடு. வாங்கி உண்டியலில் போட்டால் கோமதியம்மாள் பார்த்துக்கொள்வாள். அப்பா ஒரு நாள் அங்கே போய் இடிக்குத் தகடு கேட்டார்.

“இடிக்கு இல்ல அண்ணாச்சி. வீடு இருக்கு, தரட்டுமா?” என்றாராம் கடைக்காரர்.

“வீடு எங்கிட்ட இருக்குவே. அதுல விழாம இருக்கத்தான கேக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் அப்பா.

சோப்பு மாப்பிள்ளை

ப்ளக்கோடு விட்டாரா? இல்லை. பேப்பரில் வந்தது, போனில் வந்தது எல்லாவற்றையும் படித்துப் படித்துச் சட்டத்தை வளர்த்துக்கொண்டே போனார். இடி இடிக்கும்போது குழாயைத் திறக்கக் கூடாது. குளிக்கக் கூடாது. ஜன்னல் கம்பி, கேட் கம்பி தொடக் கூடாது. சுவரில் சாயவும் கூடாது, ஏனென்றால் சுவருக்குள் கம்பி போகிறது. வீட்டு நடுவில் எதையும் தொடாமல் உட்கார வேண்டும். கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரம் அசையக் கூடாது. அரை மணி என்றால் அம்மாவுக்குப் புரியாது என்று, ‘ஒரு சீரியல் நேரம்’ என்று வைத்தார்.

எனக்குக் கல்யாணமாகி முதல் தடவை விருந்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். மேற்கே உறுமியது. அப்பா போய்க் குளியலறைக் கதவை இடித்தார்.

“மாப்ளே, வெளிய வாங்க.”

“சோப்புப் போட்டிருக்கேன் மாமா.”

“சோப்போட வாங்க.”

புது மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை நுரையோடு, ஒரு சீரியல் நேரம் எங்கள் நடுவீட்டில் நின்றார். நுரை காய்ந்து வெள்ளை அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டார். அப்பா அவருக்கு நாற்காலிகூடக் கொடுக்கவில்லை, இரும்பு நாற்காலியாம். இன்றைக்கும் வானம் கறுத்தால் என் வீட்டுக்காரர் குளிக்கப் போவதில்லை. பயம் இடிக்கா, மாமனாருக்கா என்று நான் கேட்டதில்லை.

சங்கர் வெளிநாடு போனபிறகு கூத்து இன்னும் பெரிதானது. இங்கே இடித்தால் அங்கே போன் போகும். “லேய் சங்கரு, ப்ளக்க எல்லாம் பிடுங்கிட்டியா?” அவன் தலையில் அடித்துக்கொள்வான். “யப்பா, இங்க வானத்துல ஒரு மேகம் கெடையாது. அங்க இடிச்சதுக்கு நான் இங்க எதுக்குப் பிடுங்கணும்?” அப்பா அசர மாட்டார். “இங்கன இடிக்குதுலே. பிடுங்கு” என்பார்.

இத்தனை கூத்திலும் அம்மா மட்டும் ஒரு ப்ளக்கைக்கூடப் பிடுங்கியதில்லை. பால் திரிந்து, சட்னி பாதி அரைபட்டு, சீரியலில் மருமகள் விஷத்தைக் குடிக்கப் போகிற நேரத்தில் டிவி அணைந்து, அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். “இந்தக் கிறுக்குக்கு நான் கூட்டுச் சேர மாட்டேன். எங் கையால ஒரு ப்ளக்கத் தொட மாட்டேன்” என்று அவரிடமே சொல்லியிருந்தாள். அவர் இருந்த வரைக்கும் சொன்னபடியே இருந்தாள்.

பெட்டியைத் தொடாதே

இரண்டாவது இடி கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்களெல்லாம் மழைக்கு உள்ளே ஓடிவந்து, சுவரில் சாய்ந்தும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அப்பாவின் சட்டம் ஒன்றுவிடாமல் மீறப்பட்டது, அதுவும் அவர் கண் முன்னாலேயே. கண் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

வழக்கமாக ஒரு தூறலுக்கே கரன்ட் போய்விடும். அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை. “நல்ல மனுசன். கரன்ட்டுகூட நிக்குது பாரு” என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீல் பெட்டி, அதிலிருந்து சுவருக்கு ஒயர், பெட்டியில் பன்னிரண்டு பெண்களின் கை. டிவி வெடித்த அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

“அத்தை, இடிக்குது. பெட்டி ப்ளக்கப் பிடுங்கிருவோம்” என்று காதோடு சொன்னேன்.

அத்தை நெற்றியை எடுத்தாள். அழுகை சட்டென்று நின்றது.

“ஏட்டி செல்வி, ஒனக்கென்ன கிறுக்கா? சங்கரு வந்து மொகத்தப் பாக்க வேண்டாமா? ஒங்கப்பன நாற விடச் சொல்லுதியா?”

“சரி, பிடுங்க வேண்டாம். கையவாவது எடுங்க. கொஞ்சம் தள்ளி இருந்து அழுங்க.”

“எந் தம்பியத் தொடாம பெறவு எவனத் தொடச் சொல்லுத?”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெத்த பிள்ளை வருவதற்குள் பெட்டியை அணைக்கிறதா, ஊர் என்ன சொல்லும், மகளா இது, என்று ஆளுக்கொரு பக்கம். ஒரு கிழவி, “அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லுங்க, போயிரும்” என்றாள். அர்ச்சுனன் காலத்தில் ஐஸ் பெட்டி கிடையாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன். பெட்டியை இறக்கி வைத்தபோது அவர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ப்ளக்கைத் தொடாதீங்க, மூடியைச் சும்மா சும்மா திறக்காதீங்க. முதலாவதை எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதை யாரும் காதில் வாங்கவில்லை. மாலையோடு வருகிற ஒவ்வொருவருக்கும் அத்தை மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, இடிக்குதா? மொதல்ல பிடுங்குங்க!” என்று போனில் அலறினார் பெட்டிக்காரர். “கம்ப்ரசர் போச்சுன்னா எம் பொழப்பே போச்சு. மூடியத் தெறக்காம வச்சா உள்ள இருக்க குளுருக்கு நல்லாத் தாங்கும்.”

என் பக்கம் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவருக்கும் கவலை அவர் கம்ப்ரசரைப் பற்றித்தான். இதை நான் சொன்னதும், “பெட்டிக்காரன் சொன்னானாம்லா!” என்று அத்தை மறுபடியும் விளிம்பில் சாய்ந்துவிட்டாள்.

அப்போது சங்கரிடமிருந்து போன் வந்தது. “செங்கோட்டை தாண்டிட்டேன்க்கா. மழை கொட்டுது. வண்டி நகர மாட்டேங்கு. அப்பா மொகம் நல்லா இருக்குல்லா?”

“நல்லா இருக்கு. நீ மெல்ல வா” என்றேன். பிடுங்கி, முகம் கெட்டுப்போனால் தம்பி என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டான். பிடுங்காமல் விட்டு, இவர்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால்? போர்டுப் பக்கம் போகக் கால் வருகிறது, கை வரவில்லை.

அம்மா எழுந்தாள்

அம்மா முந்தின நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெட்டியின் தலைமாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். கல் நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

வெட்டிய மின்னலில் முன்வீடே வெள்ளையாகப் போனது. ஒரு மூச்சு விடுவதற்குள் இடி. பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அவசரமே இல்லாமல் ஜன்னலோரம் போனாள். சுவிட்சை அமர்த்தினாள். ப்ளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் உறுமல் நின்றது. ஒயரைச் சுருட்டினாள். இடுப்பில் செருகியிருந்த தறி நூல் ஒன்றை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டி மேல் வைத்தாள். அப்பா வைக்கிற மாதிரியே.

“ஏட்டி!” என்று அத்தை கத்தினாள்.

“அவுக இருந்தா மொத வேலையா இதத்தான் பிடுங்கியிருப்பாக” என்றாள் அம்மா. “எல்லாரும் பொட்டிய விட்டு எந்திரிங்க. ஏலே, கேட்டப் புடிச்சிருக்கவன் கைய எடு. சொவத்துல சாஞ்சிருக்கவுக எல்லாம் நிமிருங்க. கதவச் சாத்துங்க. எல்லாரும் நடுவீட்டுக்கு வாங்க. ஒருத்தரும் கொழாயத் தொடக் கூடாது.”

அப்பாவின் வாய் அப்படியே வந்து அம்மாவிடம் உட்கார்ந்திருந்தது. ஆளாளுக்கு எழுந்து நடுவீட்டுக்கு நகர்ந்தார்கள். அத்தை மட்டும் விளிம்பை விடவில்லை. அம்மா அவள் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“மைனி, ஒங்க தம்பி செத்துட்டாக. நீங்க சாக வேண்டாம். வாங்க.”

அத்தை குழந்தை மாதிரி எழுந்து வந்தாள். ஆணும் பெண்ணுமாக நடுவீட்டில் தரையில் நெருக்கிக்கொண்டு குந்தினோம். முன்வீட்டில் அப்பா மட்டும் தனியாக, ப்ளக் இல்லாமல்.

அப்புறம் விழுந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. முன்வீட்டுச் சுவிட்ச் போர்டில் நீலமாக ஒரு பொறி பறந்தது. ட்யூப்லைட் உடைந்து சிதறியது. கரன்ட் போனது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை நடுவீடு வரை வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். ப்ளக் இருந்த துவாரத்தைச் சுற்றி அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. பெட்டி மேல் ஒயர் முடிச்சோடு அப்படியே இருந்தது.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். “எந் தம்பி செத்தும் நம்மளக் காப்பாத்திட்டான்!”

“பிடுங்குனது நாந்தான் மைனி” என்றாள் அம்மா.

துட்டி வீட்டில் சிரிக்கக் கூடாது. இரண்டு பேர் இருமினார்கள்.

சங்கர் வந்தான்

இடி நின்றபிறகும் அம்மா யாரையும் அசையவிடவில்லை. ஒரு சீரியல் நேரம் இருக்க வைத்தாள். மூத்திரம் வருகிறது என்றவரையும் விடவில்லை. அத்தை கட்சி மாறிவிட்டாள். மூடிப் பக்கம் யாராவது கையைக் கொண்டுபோனால், “ஏய், தெறக்கக் கூடாது! பெட்டிக்காரன் சொல்லியிருக்கான்!” என்று விழுந்து பிடுங்கினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே சங்கர் வந்துவிட்டான். அத்தை தன் கையால் மூடியைத் திறந்தாள். உள்ளே குளிர்ச்சி இருந்தது. அப்பா முகம் அப்பா முகமாகவே இருந்தது. சங்கர் குனிந்து அந்த முகத்தைத் தடவித் தடவி அழுதான்.

அழுது முடித்து நிமிர்ந்தவன் கண்ணில் சுருட்டிய ஒயர் பட்டது. நூல் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான்.

“யாரும்மா பிடுங்குனா?”

“இடி இடிச்சுதுய்யா” என்றாள் அம்மா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கப்போன கை எங்கேயோ பட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டது. அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற கூட்டாளி. “ஏலே சங்கரு, அப்பா காரியம் முடியட்டும்னு பாத்தேன், தாங்க முடியலடே. ரூம்ல ஒரு ப்ளக்கு பாக்கியில்லாமப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிருக்கியே. ஃப்ரிட்ஜுல மீனு நாறி ரூமுக்குள்ள கால் வைக்க முடியலலே.”

சங்கர் போனை அமர்த்தினான். வீடே அவனைப் பார்த்தது.

“கெளம்பும்போது என்ன செய்யுதேன்னு தெரியலம்மா” என்றான். “கை தானாப் போயி எல்லாத்தையும் பிடுங்கிட்டு.”

“அங்கன இடிச்சுதாய்யா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. அங்க ஒரு மேகம் கெடையாது.”

“இங்கன இடிச்சுதுல்லா” என்றாள் அம்மா.

அவள் உதடு சிரிக்கத்தான் போனது. பாதியில் கோணிக்கொண்டது. அம்மா பெட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தாள். இப்போது வைக்கலாம், கடைசி இடி போய் ஒரு சீரியல் நேரத்துக்கு மேலேயே ஆகியிருந்தது. வைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள்.